இடது பக்கம் திருப்பினால் அணைகிற விளக்கு

தாமு,

வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லி நீ போனில் சொன்னபோது நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ம் என்றேன். உன் அம்மா போனதிலிருந்து என் வாயில் அது ஒன்றுதான் வருகிறது. ஃபேக்டரி கேண்டீன்காரன் இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்றாலும் ம், போதுமா என்றாலும் ம். அவன் குழம்பிப்போய் அவனாகவே ஒரு அளவு வைத்துக்கொண்டான். ஆனால் உன் கேள்விக்கு ம் சொல்லிவிட்டுப் போக முடியாது என்று போன வாரம் ஆகிவிட்டது. எனக்கு ஒரு வேலை வந்தது, அதை முடித்துவிட்டேன். அதில் என்ன கண்டேன் என்பதைப் போனில் உன்னிடம் சொல்ல எனக்கு வராது. நடுவில் நீ வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் பழையபடி ம் சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். ஓரிடத்தில் உனக்கு மேலே படிக்க வேண்டாம் என்று தோன்றும். அங்கே நிறுத்தாதே. இத்தனை வயதில் உன் நைனா உன்னிடம் கேட்கிற உதவி இதுதான்.

வேலையைக் கொடுத்தது பவானி. புத்தூரிலிருந்து பஸ் ஏறித் தனியாகவே வந்துவிட்டாள். உனக்கு நிச்சயித்த பெண் கல்யாணத்துக்கு முன்னால் இப்படி வரலாமா என்று தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தாள். "மாமா, அவரு கல்யாணம் வேணாங்கறாரு. என்னப் புடிக்கலன்னா வுடுங்க, நான் ஒண்ணும் அழுதுகினு கெடக்க மாட்டேன். ஆனா அது இல்ல. 'எங்கம்மாவக் கொன்ன கையி இது, இந்தக் கையால உனக்குத் தாலி கட்ட மாட்டேன்'னு சொல்றாரு. அது நெசமா மாமா? அவரு மாட்டுன லைட்டாலதான் அத்த போய்ட்டாங்களா?" என்றாள். எனக்குத் தெரியாதும்மா என்றேன். "தெரியலன்னா பாருங்க. நீங்க எலக்ட்ரீசியன்தான?" என்றாள். நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். உன் அம்மா தேர்ந்தெடுத்த பெண் என்று எழுதி ஒட்ட வேண்டியதில்லை.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. வருஷக்கணக்காக மாங்கூழ் ஃபேக்டரியில் மெஷின்களுக்குக் கரெண்ட் வேலை பார்க்கிறவன், தன் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிற வண்டியை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. பயந்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். பயம்கூட இல்லை. அதன் பக்கத்தில்தான் தினமும் பல் தேய்த்தேன். சிராய்ப்பு விழுந்த சைலன்சர் தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும், பார்ப்பேன், வாய் கொப்பளிப்பேன். கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி.

அன்றைக்கு என்ன நடந்தது என்பது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பவானிக்குப் பூ வைத்துவிட்டு நீயும் அம்மாவும் புத்தூரிலிருந்து திரும்பினீர்கள். மாம்பழ சீசன் என்று நான் சித்தூரில் ஃபேக்டரியிலேயே தங்கிவிட்டேன். மழை பெய்து விட்ட சாயங்காலம், இருட்டத் தொடங்கியிருந்தது. மெயின் ரோட்டைவிட்டு நம் ஊர்ப் பாதைக்கு இடது பக்கம் வண்டியை ஒடித்தபோது ஹெட்லைட்டும், நீ புதிதாக மாட்டியிருந்த ரெண்டு லைட்டும் ஒன்றாக அணைந்தன. முன்சக்கரம் கல்வெர்ட்டின் ஓரத்தில் இறங்கியது. உனக்கு முழங்கை பெயர்ந்தது. அம்மாவுக்குத் தலை. திருப்பதி ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் வந்து நின்றபோது நீ, "நான் போட்ட ஒயரு நைனா, என்னாலதான்" என்றாய். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. பழுது என்னவென்று பார்க்காமல் சொல்லி எனக்குப் பழக்கம் கிடையாது, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தை அன்றைக்கு ஒரு நாள் விட்டிருக்கலாம் என்று ஊரே என்னைத் திட்டியது. நீ காரியம் முடிந்ததும் வேலைக்குப் போனாய். நீ வேலை பார்க்கிற வரதய்யபாளையம் இங்கே பக்கத்தில் இருக்கிறது, ஆனாலும் ரூமிலிருந்து கம்பெனி பஸ், கம்பெனி பஸ்ஸிலிருந்து ரூம் என்று இருந்துகொண்டு வீட்டுப் பக்கமே வருவதில்லை.

உன்னைப் போலத்தான் எல்லோரும் நினைத்தார்கள். நம் கூட்ரோடு மெக்கானிக்கிடம் கேட்டேன். "உங்க புள்ள ரெண்டு எல்.இ.டி. லைட்டு எக்ஸ்ட்ரா மாட்னான் சார். பழைய வண்டி. லோடு எக்குவைபோயிந்தி, ஜாஸ்தியாப்போச்சி, தாங்கல. நான் அப்பவே சொல்லிக்கினு இருந்தேன்" என்றார். அவர் அப்போதே ஒன்றும் சொல்லவில்லை, உன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து பேஷ் பேஷ் என்றார் என்று நீதான் எனக்குச் சொல்லியிருந்தாய். நடந்து முடிந்த பிறகு எல்லோரும் அப்போதே சொன்னவர்கள் ஆகிவிடுகிறார்கள். ஆனால் அவரை நொந்து பயனில்லை. உண்மையைச் சொன்னால் நானும் பாதி அப்படித்தான் நம்பினேன். நல்லாயிருந்த வண்டியில் கடைசியாகக் கை வைத்தது யார் என்றுதான் ஃபேக்டரியில்கூட முதலில் கேட்போம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தார்ப்பாயை எடுத்தேன். உனக்கும் இந்த வேலை தெரியும், ஆனாலும் நான் செய்ததைச் செய்த வரிசையிலேயே சொல்கிறேன், அப்போதுதான் நான் உன்னைத் தேற்றுவதற்காக இட்டுக்கட்டவில்லை என்று தெரியும். பேட்டரி செத்துப்போயிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். புதுசு வாங்கி வைத்தேன். முனைகளில் வெள்ளை பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவிச் சுரண்டினேன். பிறகு ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். பழைய ஃபியூஸ்தான், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டி வந்த நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. அறுபடாமல் அப்படியே இருந்தது. அங்கே என் கை கொஞ்சம் நின்றது. லோடு தாங்காமல் போயிருந்தால் முதலில் போயிருக்க வேண்டியது அதுதானே? ஆனால் ஒன்றை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று அடுத்ததுக்குப் போனேன். எர்த் ஒயர் சேஸிஸில் இறுக்கமாக இருந்தது. பல்புகள் நல்லாயிருந்தன. சுவிட்ச் நல்லாயிருந்தது.

மிச்சம் இருந்தது நீ போட்ட ஒயர். சீட்டுக்கு அடியில் கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தாயே, அது. அதைப் பிரிக்காமல் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். விளக்கு மாடத்தில் தூசியாக இருந்தது, துடைத்தேன். பவானி கவிழ்த்துவைத்த டம்ளரை எடுத்து அலமாரியில் வைத்தேன். வேலையைத் தள்ளிப்போடுகிறோம் என்று எனக்கே தெரிந்தது. இந்த டேப்புக்குள் கருகிய ஒயர் இருந்தால் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும், என் பிள்ளைக்கு நானே எழுத வேண்டும். பிறகு திரும்பி வந்து பிரித்தேன். தாமு, ரிலே வைத்திருந்தாய். பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்து அதற்குத் தனி ஃபியூஸ் போட்டிருந்தாய். ஒவ்வொரு இணைப்பிலும் ஈயம் வைத்து, ஸ்லீவ் ஏற்றி, அதன் மேல் டேப் சுற்றியிருந்தாய். புது லைட் ரெண்டும் பழைய ஒயரிங்கின் மேல் ஒரு சுமையையும் ஏற்றவில்லை. ஹெட்லைட் எரிந்தால் அவையும் எரிய வேண்டும், அணைந்தால் அணைய வேண்டும் என்கிற செய்தி மட்டும்தான் பழைய ஒயரிலிருந்து போனது. அதனால்தான் அன்றைக்கு எல்லாம் ஒன்றாக அணைந்தன. என்னிடம் வேலை செய்கிற பையன்கள் யாரும் இவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. வரும் என்று விட்டுவிட்டேன்.

சாவியைத் திருப்பினேன். மூன்று லைட்டும் எரிந்தன. அதுதான் பெரிய தொல்லை. எரியாத விளக்கில் பழுது கண்டுபிடித்துவிடலாம், எரிகிற விளக்கில் என்ன தேடுவது? ஒயர்களை ஆட்டிப் பார்த்தேன், சீட்டைத் தட்டினேன், வண்டியை ஸ்டாண்டோடு குலுக்கினேன். எரிந்தது. அதை எரியவிட்டுவிட்டுப் போய்ப் பழைய சோறு துன்னுட்டு வந்தேன். (பார், எழுதும்போதுகூட உன் அம்மா வார்த்தை வந்துவிடுகிறது.) அப்போதும் எரிந்துகொண்டே இருந்தது. பிறகுதான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. இடது பக்கம் ஒடித்தபோது என்றாயே. ஹேண்டில் பாரை வலது பக்கம் முழுக்கத் திருப்பினேன், எரிந்தது. இடது பக்கம் பாதி திருப்பினேன், எரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மூன்றும் அணைந்தன. நேராக்கினால் எரிகிறது, இடது பக்கம் திருப்பினால் அணைகிறது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். அப்போதும் என் உள்ளே எதுவும் ஆகவில்லை. ஓகோ, இங்கேயா என்று மட்டும் நினைத்தேன்.

ஹெட்லைட்டைக் கழற்றி அதன் பின்னால் விரல் விட்டபோது, ஹேண்டில் கழுத்தில், ஒயரிங் கட்டு வளைந்து பின்பக்கம் போகிற இடத்தில், கெட்டியாக ஒரு உருண்டை கையில் பட்டது. குளவி கூடு கட்டியிருக்கிறது என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன். டார்ச் அடித்துப் பார்த்தால் நூல். மஞ்சள் நூல். நூலின் மேல் நூலாக, முடிச்சின் மேல் முடிச்சாக, மண்ணும் எண்ணெயும் மஞ்சளும் ஏறி இறுகிப்போன நூல்.

உனக்கு வண்டி வாங்கியதும் அலிபிரிக்கு ஓட்டிப்போய்த் திருப்பதி மலையடிவாரத்தில் பூஜை போட்டே ஆக வேண்டும் என்று உன் அம்மா ஒற்றைக்காலில் நின்றாளே, நினைவிருக்கிறதா? செகண்ட்ஹேண்ட் வண்டிக்கு எதற்கு என்று நீ கேட்டதற்கு, "வண்டிதான்டா செகண்டேன்டு, நீ எனக்கு செகண்டேன்டா?" என்றாள். அந்தப் பூஜையோடு முடிந்தது என்று நீ நினைத்தாய். முடியவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நீ குளிக்கப் போன நேரம் பார்த்து வண்டிக்கு ஒரு மஞ்சள் நூல் கட்டினாள். பழையதை அவிழ்க்கக் கூடாதாம், அவிழ்த்தால் அதுவரை காத்தது போய்விடுமாம். அதன் மேலேயே புதுசைக் கட்டி, மஞ்சள் தண்ணீரும் தெளிப்பாள். ஒரு நாள் ஹெட்லைட்டுக்குப் பின்னால் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றாள். இன்னா பண்ற என்று கேட்டேன். "சாமி நூலு கைபடாத எடத்துல இருக்கணும். நீயும் உன் புள்ளையும் எல்லாத்தையும் தொட்ட கையோட ஹேண்டில்பாரப் புடிப்பீங்க. இங்கன்னா எவன் கையும் வராது. போய் உன் வேலையப் பாரு" என்றாள். நானும் போய் என் வேலையைப் பார்த்தேன்.

எவன் கையும் வராத இடம் என்று அவள் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தாள். மெக்கானிக் கையும் வரவில்லை, உன் கையும் வரவில்லை. ஹேண்டில் திரும்பும்போது அந்த ஒயர்கள் கொஞ்சம் வழுக்கி நகர வேண்டும். நூல் அவற்றைக் கழுத்தோடு சேர்த்து இறுக்கிவிட்டது. நகர முடியாமல் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி, மேல் தோல் அறாமலேயே உள்ளே செம்புக் கம்பி இழை இழையாக அறுந்திருக்கிறது. ஈரம் வேறு. தோலைச் சீவிப் பார்த்தேன், உள்ளே பச்சை பூத்திருந்தது. மிச்சம் இருந்த ஒரு சில இழைகளில்தான் கரெண்ட் போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் மங்கலாக இருக்கிறது என்று நீ சொன்னது அதனால்தான். "அம்மாவ பின்னாடி வச்சிக்கினு வர்றேன் நைனா, ரோடு தெரிய மாட்டேங்குது" என்று சொல்லித்தான் நீ அந்த ரெண்டு லைட்டை வாங்கினாய். பல்பை மாற்று என்று நான் சொன்னேன், மாற்றினாய். மெக்கானிக்கும் பார்த்தார். அந்த இடத்தில் இப்படி ஒன்று இருக்கும் என்று எவனுக்குத் தோன்றும்?

இந்த இடத்தில்தான் நிறுத்தாதே என்று சொன்னேன்.

நானும் இந்த இடத்தில் நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். விரலெல்லாம் மஞ்சளாக இருந்தது. நூலை வெட்டி அடுப்பில் போட்டுவிட்டு, பழைய வண்டி, ஒயர் விட்டுப்போச்சு, யார் மேலும் தப்பில்லை என்று உனக்கு எழுதியிருக்கலாம். போனவளின் பேரைக் காப்பாற்றுவதுதான் புருஷனுக்கு அழகு என்றும் தோன்றியது. கத்தரியைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் நீ கேட்பாயே. எந்த ஒயர், எந்த இடம், ஏன் அங்கே விட்டது என்று அடுத்தடுத்துக் கேட்பாய், நான் ம் சொல்லுவேன், நான் மறைப்பது உன் தப்பைத்தான் என்று முடிவுகட்டிக்கொள்வாய். அப்புறம் ஆயுசுக்கும் உன்னை அதிலிருந்து வெளியே எடுக்க முடியாது. பவானி நெசமா என்றுதான் கேட்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, உனக்குத் தெரியாதது. நீ பொடியனாக இருந்தபோது பக்கத்து நிலத்துக்காரர் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஈரக்குச்சியை விட்டு நோண்டி அதை எரித்துவிட்டாய். உயிர் பிழைத்ததே பெரிசு. அவர் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோது உன் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய், "நான்தான்ணா, பெட்டி அழுக்கா இருக்குதேன்னு தண்ணி ஊத்திக் கழுவிட்டேன்" என்றாள். ஸ்டார்ட்டர் பெட்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியவள் என்று அவளை ஊர் எத்தனையோ காலம் கேலி செய்தது. எலக்ட்ரீஷியன் பெண்டாட்டி என்று என்னையும் சேர்த்துச் செய்தது. ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று பிறகொரு நாள் கேட்டேன். "அவன் பேரு கெட்டா நாளைக்கு அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? எம் பேரு கெட்டா இன்னா, எனக்குத்தான் நீ கெடச்சிட்டியே" என்று சிரித்தாள். இன்றைக்கும் அதே பேச்சுதான் தாமு. உனக்குப் பெண் கொடுக்க ஆள் வந்து நிற்கிறது, உன் கையின் பேர் கெட்டுக் கிடக்கிறது. அவள் இருந்திருந்தால் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்திருப்பாள். நான் அவள் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று நூலை எரித்திருந்தால் அவள் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல். நூல் கட்டிய அந்தக் கையைக் கொன்ற கை என்று உன்னால் சொல்ல முடியுமா? வாய் வராது அல்லவா? பிள்ளை பத்திரமாக இருக்க வேண்டும் என்று அவள் நூல் கட்டினாள். அம்மா பத்திரமாக வர வேண்டும் என்று நீ விளக்கு மாட்டினாய். அவள் கையை நீ அப்படிச் சொல்ல மாட்டாய் என்றால் உன் கையையும் சொல்லக் கூடாது. நூல்தான் காரணம் என்று தெரிந்த பிறகும் எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. விளக்கு காரணமாக இருந்திருந்தாலும் உன் மேல் வந்திருக்காது. அதை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எந்தப் பழுதையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. பார்த்துவிட்டுத்தான் பேசுவேன் என்று உட்கார்ந்திருந்தது என் மடத்தனம்.

நூலை வெட்டவில்லை. ஊசியால் ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்தேன், அந்த ஞாயிறில் மிச்சம் இருந்த நேரமெல்லாம் அதற்கே போனது. ஆக உள்ளே இருந்த முதல் நூல் மட்டும் நிறம் மாறாமல் பச்சை மஞ்சளாகவே இருந்தது. அதைக் கையில் எடுத்தபோது அழுகை வந்தது. இவ்வளவு நாளில் அதுதான் முதல் தடவை. உடனே போய்விட்டது, ஆனால் வந்தது. எல்லாவற்றையும் அவள் மஞ்சள் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். விட்டுப்போன ஒயரை வெட்டிப் புதுசு சேர்த்து, நீ செய்கிற மாதிரியே ஈயம் வைத்து ஸ்லீவ் ஏற்றினேன். திரும்புவதற்கு இடம் விட்டிருக்கிறேன். பவானிக்கு நூல் கட்ட ஆசை இருந்தால் கண்ணாடிக் கம்பியில் கட்டட்டும், எல்லார் கையும் படட்டும். அவளுக்கும் இதையெல்லாம் போனில் சொல்லிவிட்டேன். "பழிய அத்த மேலயே போடுங்க மாமா, அவங்க தாங்குவாங்க" என்றாள். பார்த்து முடிவு செய்துகொள், இந்தப் பெண்ணை நீ வேண்டாம் என்கிறாய்.

வண்டி இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் எரிகிறது. ஸ்டாண்டில் நிறுத்தித்தான் பார்த்திருக்கிறேன், ரோட்டில் ஓட்டிப் பார்க்கவில்லை. அதற்கு நீ வர வேண்டும். ஒரு சாயங்காலம் வா. புத்தூர் வரை போய்ப் பவானி வீட்டில் பேசிவிட்டு, இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி, நம் ஊர்ப் பாதைக்கு நீதான் இடது பக்கம் ஒடிக்க வேண்டும். நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். உன் அம்மா ஏறி உட்கார்ந்ததும் உன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, போடா என்பாள். எனக்கு உன்னைத் தொட்டுப் பேசிப் பழக்கமில்லை. தட்டுகிறேன். நீ வண்டியை எடு.

நைனா